தண்ணியக்காவின் தம்பி

எங்கள் ஆலையில் அவருக்குத் தண்ணியக்கா என்று யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியாது. நான் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. மதுபானம் வடிக்கும் ஆலையில் ஒருவருக்கு அப்படிப் பெயர் இருந்தால் புதிதாக வருகிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வாய்க்குள் சிரிப்பார்கள். ஷிஃப்ட் சூப்பர்வைசர் அதற்காகவே காத்திருந்ததுபோலச் சொல்வார்: "ஊருக்கே காய்ச்சி ஊத்துறோம், ஆனா இவங்க வாயில ஒரு சொட்டு வச்சதில்ல. இவங்க தண்ணி போட மாட்டாங்க, போற தண்ணியப் பிடிச்சு நிறுத்துவாங்க." எத்தனையோ தடவை கேட்ட கிண்டல்தான். ஆனாலும் அக்கா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்து வைப்பார்.

பாய்லர், கூலிங் டவர், பம்ப் ரூம், கழிவுநீர்க் குளம் எல்லாம் அவர் பொறுப்பு. டிப்ளமா படித்துவிட்டு வந்தவர். மெலிந்த உடம்பு, ஆண்கள் போடும் கனமான பூட்ஸ், காதோரத்தில் எப்போதும் ஒரு பென்சில். ஆலைக்குள் நுழைந்தால் மொலாசஸ் என்ற கரும்புக் கழிவுப்பாகு புளிக்கும் வாடை மூக்கில் ஏறும். இனிப்பும் அழுகலும் கலந்த அந்த வாடை தலைமுடியிலேயே தங்கிவிடும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் தலையணையில் இருக்கும். "எனக்குத் தனியா சென்ட்டு வாங்கணும்னே தேவையில்ல" என்பார் அக்கா.

அவருக்கு ஒரு தம்பி. அப்பாவை இருவருக்குமே சரியாக நினைவில்லை. தம்பி சின்ன வகுப்பில் படிக்கும்போதே அம்மாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு அவனுக்குத் தலை சீவி விட்டது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் அக்காதான். ஒருநாள் வகுப்பில் யாரையோ அடித்துவிட்டான் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. அவன் நேராக அக்காவின் கல்லூரி வாசலில் போய் நின்று, "அம்மாவக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, கிளம்பு" என்றானாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். அவனை ஒரு வழி பண்ணிவிட்டுத் தன் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று இருந்தார். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அக்காவின் கல்யாணப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. கீழே தம்பி குடும்பம், மாடியில் அக்காவின் அறை.

தம்பி தண்ணீர் லாரி ஓட்டினான். சொந்த லாரி. ஆலையின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப் போனதிலிருந்து வெளியிலிருந்துதான் எங்களுக்குத் தண்ணீர் வந்தது. ஒரு பாட்டில் சரக்கு வெளியே போவதற்கு அதைப்போலப் பல மடங்கு தண்ணீர் உள்ளே வர வேண்டும். புளிக்க வைக்க, ஆவியாக்க, குளிர வைக்க, கழுவ என்று அது போய்க்கொண்டே இருக்கும். விடிந்ததும் பின்பக்கக் கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நீல முகப்பு வைத்த லாரி தம்பியுடையது. அதைக் கழுவாமல் ஒருநாள் வண்டி எடுத்ததில்லை அவன். "குளிச்சிட்டு வந்தியாடா?" என்று அக்கா கேட்டால், "வண்டி குளிச்சிருச்சு, நான் சாயங்காலம் பாத்துக்குறேன்" என்பான். கலகலப்பான ஆள். கேட்டில் நிற்கும் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லோரையும் மாமா, மச்சான், அண்ணே என்று உறவு சொல்லித்தான் கூப்பிடுவான்.

மழை பொய்த்த ஒரு கோடையில், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு அவன் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை வேடிக்கைபோலத்தான் சொல்ல ஆரம்பித்தான்.

"ஹாரன் அடிச்சா எழுந்து போவாங்கன்னு பாத்தேங்க்கா. ஒருத்தியும் அசையல. கைப்புள்ளக்காரி ஒருத்தி கதவுகிட்ட வந்து கேக்குறா, 'நீங்க குடிச்சுக் கூத்தடிக்க எங்க கெணத்தக் காலி பண்ணுவீங்களா'ன்னு. நான் குடிக்கறதே வாரத்துல ஒருநாள், அதுவும் அளவாதான்னு சொல்லிப் பாத்தேன்." சிரித்தான். பிறகு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக் குடமெல்லாம் காலியா இருந்துச்சுக்கா" என்றான்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. கூலிங் டவரிலிருந்து காற்றோடு பறக்கும் தண்ணீர்த் தூறலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இதுல எத்தன குடம் போகுதுன்னு நெனைக்கிற?" என்று என்னிடம் கேட்பார்.

நல்லவேளையாக அந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர் வந்தார். தண்ணீரையும் புகையையும் குறைத்துக் காட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்தும் சொல்லியிருந்தார்கள். அவர் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். இருவருக்கும் ஒத்துப்போனது. சாராயம் வடித்த பிறகு மிஞ்சும் கறுப்புக் கழிவுநீர் முன்பெல்லாம் திறந்த குளத்தில் கிடந்து நாறும். அதை மூடிய தொட்டியில் விட்டு அதிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து, நிலக்கரிக்குப் பதிலாகப் பாய்லரில் எரித்தோம். மீதியைக் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்து, சுத்தம் பண்ணிக் கூலிங் டவருக்கே திருப்பினோம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. முதல் சில மாதங்கள் திரும்பி வந்த தண்ணீரில் நாற்றம் போகவில்லை. கழிவைத் தின்று வாயு தரும் பாக்டீரியா செத்துப்போனது, குழாய் அடைத்தது, வாயு வராமல் பாய்லர் அணைந்தது. அக்கா மதியச் சாப்பாட்டை நின்றபடியே முடிப்பார். நான் சோதனைக்கு எடுத்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நோயாளியின் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

பிறகு ஒருநாள் தண்ணீர் தெளிந்தது. புகைபோக்கியில் கறுப்பு மெலிந்து, வெறும் வெள்ளை ஆவி மட்டும் தெரிந்தது. கொடியில் காயப்போட்ட துணியில் கரித்தூள் விழுவது நின்றுவிட்டது என்று ஆலைக்குப் பின்தெருவில் இருந்த பெண்கள் அக்காவை வழியில் நிறுத்திச் சொன்னார்கள். அவர் அன்று பூரித்துப்போய் வந்தார்.

பின்பக்கக் கேட்டில் லாரி வரிசை குறைய ஆரம்பித்தது.

அக்கா தம்பியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "இது சீக்கிரம் நின்னுரும்டா. வேற வேலையப் பாத்து வச்சுக்கோ."

"பாத்துக்கலாம்க்கா. எத்தனையோ ஊர்ல தண்ணி இல்லாம கெடக்கான். நீ ஒன் வேலையப் பாரு" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். எதற்கும் ஒரு பாத்துக்கலாம்.

பார்த்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஆலையை நம்பித்தான் அத்தனை லாரிகளும் ஓடின. எல்லாம் ஒரே சமயத்தில் வேலை தேடி வெளியே போனபோது யாருக்கும் சரியாகக் கிடைக்கவில்லை. மழையும் வந்துவிட்டது. நீல லாரி வீட்டு வாசலிலேயே நின்றது. கொஞ்ச நாளைக்கு அதைக் கழுவிக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் இல்லை. கடைசியில் வண்டியை வாங்கியவர் வந்து ஓட்டிக்கொண்டு போனபோது அவன் வெளியே வரவே இல்லையாம்.

எங்கள் ஆலைக்கு விருது கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். பெரிய கூடத்தில் எங்களை எல்லாம் உட்கார வைத்துத் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். மிச்சமான தண்ணீர் ஒரு படம், குறைந்த நிலக்கரி ஒரு படம். அடுத்து வரிசையாகச் சின்னச் சின்ன லாரிப் படங்கள் வந்து ஒவ்வொன்றாக மறைந்தன. ஓடாமல் போன லாரிகளின் டீசல் புகையும் நாங்கள் குறைத்த கணக்கில்தான் சேரும். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவரும் அக்காதான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் அக்காவின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

தம்பி வாரத்தில் ஒருநாள் என்று இருந்ததைத் தினமும் ஆக்கிக்கொண்டான். ஆரம்பத்தில் சாயங்காலம் மட்டும். பிறகு எழுந்ததுமே. அக்கா திட்டினால் பாட்டிலைத் தூக்கி லேபிளைக் காட்டுவான். "பாரு, ஒங்க ஆலை சரக்குதான். நான் குடிக்கறதுலதான் ஒனக்குச் சம்பளமே வருது. அக்காவ நான் காப்பாத்துறேன்." அப்போதும் அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருக்கும். தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள்.

அக்கா மேனேஜரிடம் போய் நின்றார். அதுவரை தனக்கென்று எதுவும் கேட்காதவர். வாயு போதாதபோது பாய்லரில் எரிக்க மரத்தூள் கொண்டுவரும் லாரியில் ஓட்டுநர் வேலை ஒன்று காலியாக இருந்தது. மேனேஜர் மறு பேச்சில்லாமல் சரி என்றார். அன்றைக்கு அக்கா நடந்து வந்த வேகத்தை வைத்தே ஏதோ நல்ல சேதி என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். தம்பி மனைவி அவனுக்குச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாளாம். குழந்தை, "அப்பா வேலைக்குப் போறாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்ததாம்.

எங்கள் கேட்டில் உள்ளே போகும் ஒவ்வொருவரும் ஒரு கருவியில் ஊத வேண்டும். எரியும் பொருள் இருக்கும் இடம் என்பதால் அதில் மட்டும் சலுகை கிடையாது, மேனேஜரும் ஊதித்தான் வருவார். சாராய ஆலைக்குள் சாராயம் குடித்தவன் நுழைய முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன வேடிக்கை.

தம்பி ஊதினான். கருவி கத்தியது. காவலாளிக்கு அவனைப் பல வருடங்களாகத் தெரியும். "மச்சான், வாயக் கொப்புளிச்சிட்டு வந்து இன்னொரு தடவ ஊது" என்று தண்ணீர் கொடுத்தார். இரண்டாவது முறையும் கத்தியது. நான் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தேன். அக்கா கேட்டுக்கு உள்பக்கம் நின்றிருந்தார், அவன் வெளிப்பக்கம்.

"கொஞ்சம்தான்க்கா" என்றான். "கை நடுங்குச்சு. மொத நாளே நடுங்குற கையோட ஸ்டியரிங்கப் பிடிக்க வேணாம்னுதான் போட்டேன்."

 அக்கா அவனுடைய தேய்த்த சட்டையின் காலரைக் கம்பிக்கு இடையே கையை விட்டுச் சரிபண்ணி விட்டார். "வீட்டுக்குப் போடா" என்றார். அவன் திரும்பி நடந்தான். அக்கா பம்ப் ரூமுக்குப் போனார். அன்று முழுக்க அங்கிருந்து வெளியே வரவில்லை. சத்தம் அதிகமான அறை அது. உள்ளே என்ன நடந்தாலும் வெளியே கேட்காது.

அதன் பிறகு குடியை நிறுத்தும் இடத்தில் ஒருமுறை சேர்த்தார்கள். திரும்பி வந்து கொஞ்ச காலம் நன்றாக இருந்தான், குழந்தையைப் பள்ளிக்கு விட்டுக் கூட்டிவந்தான். அக்கா முகத்தில் களை வந்தது. பிறகு மறுபடியும். அதை விரிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

கண் மஞ்சளானது, கால் வீங்கியது. வயிறு நிறைமாதக்காரி போல முன்னால் வந்தது. வயிற்றில் தண்ணீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்தார்கள், மறுபடி சேர்ந்தது. "உப்பு வேண்டாம். தண்ணியும் அளவாத்தான். ஒரு நாளைக்கு ஒரு பாட்டிலுக்கு மேல போகக்கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அளந்து கொடுக்கும் வேலை அக்காவிடம் வந்தது. தம்பி மனைவியால் அவன் கெஞ்சுவதைத் தாங்க முடியவில்லை, கேட்டதும் ஊற்றிக் கொடுத்துவிடுவாள். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்து குடிக்க இவ்வளவு, சாப்பிட்டதும் இவ்வளவு என்று சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். இடையில் கேட்டால் ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடுவார்.

"ஆலைக்குப் பண்ணினத எனக்கும் பண்றியாக்கா?" என்று கேட்டானாம் ஒருநாள். கிண்டலாகத்தான்.

"ஆமாடா. அங்க ஜெயிச்சேன்ல, இங்கயும் ஜெயிப்பேன்" என்றாராம் இவர்.

பிறகு அவன், "நான் இப்பிடி ஆனதுக்கு நீ காரணம்னு நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காத. லாரி போனவன் எல்லாமா குடிச்சான்? எங்கூட ஓட்டுன செவப்பு லாரிக்காரன் இப்ப காய்கறிக் கடை வச்சிருக்கான். எனக்குக் கை அதுலதான் போச்சு, நான் என்ன பண்றது" என்றிருக்கிறான்.

அக்கா டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தார்.

கடைசி நாள் மத்தியானம், வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அன்றைய தண்ணீர்ப் பாட்டில் முடிந்துவிட்டிருந்தது. நாக்கு காய்ந்து, பேச்சு ஒட்டி ஒட்டி வந்தது அவனுக்கு. "ஒரு டம்ளர் தண்ணி குடுக்கா. ஒரே ஒரு டம்ளர்."

"சாயங்காலம் தரேன்டா கண்ணு."

"இப்ப குடுக்கா."

"டாக்டர் திட்டுவாருடா. நாளைக்கு ஊசி போட்டு எடுத்ததும் வேணுங்கற அளவு குடிக்கலாம்."

அவன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்க்கவில்லையாம். சின்ன வயதில் ஏதாவது வாங்கித் தர மாட்டேன் என்று சொன்னால் பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா துணியை நனைத்து உதட்டருகில் கொண்டுபோனார். அவன் வாயைத் திறக்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்து வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டார். அந்தத் தூக்கத்திலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை.

அந்த ஒரு டம்ளரால் எதுவும் மாறியிருக்காது, கொடுத்திருந்தாலும் போயிருப்பார் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அக்காவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. "மாறியிருக்காதுன்னா குடுத்திருக்கலாமே" என்று என்னிடம் கேட்டார். 

வீடு நிறையச் சனம் இருக்கும்போது தம்பி மனைவி முதல் முறையாக வாய் திறந்தாள். அழவில்லை அவள், கத்தவும் இல்லை. அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "மிச்சம் பிடிச்ச தண்ணியெல்லாம் போதுமா அண்ணி?"

யாரோ ஒருவர் அவளை அதட்டினார். அக்கா, "அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் இருவருக்கும் பேச்சு இல்லை. மறு மாதமே அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா தினமும் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் மாடிப்படி ஏறினார்.

வேலைக்குத் திரும்பி வந்தார். வேலையை விட்டுவிடுவார் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். விடவில்லை. "அந்தக் கெணத்துக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க, அவங்களுக்கும் தண்ணி வேணும்ல" என்று ஒருநாள் தானாகவே சொன்னார். தான் செய்தது தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் நெஞ்சில் கிடந்த பாரம் அதனால் இறங்குவதாக இல்லை. பழைய கிண்டலை யாரும் அவர் எதிரில் சொல்வதில்லை. தண்ணியக்கா என்று கூப்பிடவும் நாங்கள் தயங்கினோம். வெறும் அக்கா ஆகிவிட்டார்.

கம்பெனியின் இன்னொரு ஆலையிலும் இதே மாதிரி செய்யப் போவதாகச் சொல்லி, அங்கே போய் விளக்க அவரை அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். குழாய், தொட்டி, வாயு எல்லாம் பேசி முடித்தபோது, "வேறு ஏதாவது இருக்கா மேடம்?" என்றார் அங்கிருந்த மேனேஜர்.

"ஒங்களுக்குத் தண்ணி கொண்டாற லாரிக்காரங்க என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டார் அக்கா.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது ஒப்பந்தக்காரர் விஷயம் என்றார் ஒருவர்.

"அவங்களக் கூப்பிட்டு வச்சு மொதல்ல பேசுங்க. குழாய் வேலைய அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்றார். குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுத் தன் காகிதங்களை எடுத்து அடுக்கினார்.  அவர்கள் பேசினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். சிலருக்கு மரத்தூள் லாரியில் வேலை கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை.

போன வாரம் ஆய்வகத்தில் உட்கார்ந்து தண்ணீர் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் கையிலிருந்த மாதிரிக் குப்பியைக் கீழே வைத்தார். எடுத்துக் காதில் வைத்தார். குழந்தையின் குரல் எனக்கே கேட்டது. "அத்தை, நான்தான். அம்மா ஒங்ககிட்டப் பேசணுமாம்."

போன் கை மாறும் சத்தம்.  

"சாப்டீங்களா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

அக்கா மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "சாப்டேன்மா" என்றார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. டிஃபன் பாக்ஸ் திறக்காமல் என் பக்கத்திலேயே இருந்தது.